'பீப்' சத்தம் வருது... ஆனா மெஷினுக்குத் தெரியலையே! பார்கோடு ஸ்கேனரை பிஎல்சி-யுடன் இணைப்பது எப்படி? முழு விளக்கம்

மளிகைக் கடை, மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர்களில் நாம் தினமும் பார்க்கும் கையடக்க பார்கோடு ஸ்கேனர், இப்போது தொழிற்சாலை மெஷின்களின் பக்கத்திலும் தொங்குகிறது. கடையில் அது சுலபமாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, 'ஒண்ணு வாங்கி மெஷின்ல சொருகினா போதும்' என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். ஸ்கேனர் 'பீப்' என்று கத்தும். லேபிளைப் படித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் மெஷின் அசையாது.

பழுது ஸ்கேனரிலும் இல்லை, மெஷினிலும் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று புரியாத மொழியில் பேசுகின்றன. அவற்றைப் பேச வைப்பது எப்படி, பேச வைத்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று விரிவாகப் பார்ப்போம்.

மெஷினுக்கு எதற்கு ஸ்கேனர்?

மதுரை திருநகரைத் தாண்டித் திருமங்கலம் பக்கம் போனால் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை. ரப்பர் தொழில் மதுரை வட்டாரத்துக்குப் புதிதல்ல. கோச்சடையில் வி-பெல்ட் செய்யும் ஃபென்னர் ஆலை, மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் செய்யும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலை எல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள்தான். ரப்பர் உதிரி பாகங்கள் செய்யும் சிறிய யூனிட்களும் உண்டு. அதனால் ஒரு ரப்பர் மோல்டிங் பிரஸ்ஸையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் மூன்று வகை ரப்பர் காம்பவுண்ட் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றும் கறுப்பு. கார்பன் பிளாக் கலப்பதால் பெரும்பாலான காம்பவுண்டுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் குணம் வேறு. நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். ஈபிடிஎம் ரப்பர் வெயிலையும் மழையையும் தாங்கும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஆயில் சீல் செய்ய வேண்டிய மோல்டில் தவறுதலாக ஈபிடிஎம் போய்விட்டால்? பிரஸ்ஸை விட்டு வெளியே வரும்போது பொருள் அழகாகத்தான் இருக்கும். வண்டியில் மாட்டி, எண்ணெய் கசிய ஆரம்பித்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

வேக வைக்கும் சூடும் நேரமும்கூட ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் மாறும். அந்த எண்களை ஆபரேட்டர் ஒவ்வொரு முறையும் கையால் அடிக்கிறார் என்றால், இரவு ஷிப்டில் ஒரு எண் மாறினால் போதும், அந்த ஷிப்ட் உற்பத்தி மொத்தமும் கழிவுதான்.

இது ரப்பருக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. மதுரையில் அரவிந்த் கண் பராமரிப்பு அமைப்பின் அங்கமாக 1992-ல் தொடங்கப்பட்ட ஆரோலேப், கண்புரை அறுவை சிகிச்சையில் பொருத்தும் லென்ஸ்களைத் தயாரிக்கிறது. 20 டயாப்டர் பவர் லென்ஸையும் 20.5 பவர் லென்ஸையும் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பொருட்களுக்கு லேபிள்தான் அடையாளம். மருந்துகளும் அப்படித்தான். குறிப்பிட்ட 300 மருந்து பிராண்டுகளின் அட்டைகளில் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு இருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பார்கோடு வருவதற்கு முன்னால் இதற்கெல்லாம் வழியே இல்லையா என்றால், இருந்தது. சாக்பீஸ் குறி, பெயின்ட் புள்ளி, நூற்பாலைகளில் நூல் கவுண்டுக்கு ஒரு நிறம் என்று வைத்த கோன்கள். எல்லாமே 'கண்ணால் பார்த்துக் கண்டுபிடி' என்ற வழிகள். ஸ்கேனரை மெஷினோடு இணைக்கும்போது, அந்தச் சரிபார்ப்பு மனிதனின் கண்ணிலிருந்து மெஷினுக்கு மாறுகிறது. பொருள் தவறென்றால் பிரஸ் மூடவே மூடாது. இந்த இணைப்பின் நோக்கமே அதுதான்.

பிஎல்சி என்றால் என்ன?

தொழிற்சாலை மெஷின்களின் மூளை பிஎல்சி. புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர் என்பதன் சுருக்கம். பேனல் போர்டைத் திறந்தால் உள்ளே தண்டவாளம் மாதிரியான தகட்டில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி அது. சென்சார், சுவிட்ச் எல்லாம் அதற்குள் தகவல் அனுப்பும். அது முடிவெடுத்து மோட்டார், வால்வு, ஹீட்டர் ஆகியவற்றை இயக்கும்.

1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம், சுவர் முழுக்க நிறைந்திருந்த ரிலேக்களுக்கு மாற்று கேட்டது. டிக் மோர்லியும் அவருடைய குழுவும் உருவாக்கிய 'மோடிகான் 084' அந்தத் தேவைக்கு வந்த விடை. பிஎல்சி-யின் முன்னோடி அதுதான். அப்போது அதன் வேலை 'ஆன்', 'ஆஃப்' என்ற இரண்டே விஷயங்களைப் பார்ப்பது. எழுத்துகளையும் எண்களையும் வரிசையாகப் படிப்பது அதன் பிறவிக் குணம் இல்லை.

பார்கோடோ கடைக்காகப் பிறந்தது. உட்லேண்ட், சில்வர் என்ற இருவருக்கு 1952-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. 1974 ஜூன் 26-ம் தேதி ஓஹியோ மாநிலத்தின் டிராய் நகர சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில்தான் இன்றைய வடிவப் பொருள் பார்கோடு முதன்முதலில் கவுன்ட்டரில் ஸ்கேன் ஆனது. ஆக, ஒன்று கடையில் வளர்ந்தது, இன்னொன்று ஆலையில் வளர்ந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஒரு ஏற்பாடு தேவை.

'பீப்' வந்தும் தகவல் ஏன் போகவில்லை?

கடையில் இருக்கும் யுஎஸ்பி ஸ்கேனர் உண்மையில் ஒரு கீபோர்டு வேஷம் போடுகிறது. லேபிளில் 8901 என்று இருந்தால், யாரோ கீபோர்டில் 8, 9, 0, 1 என்று வேகமாகத் தட்டி, கடைசியில் என்டர் அழுத்தியதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். அதனால்தான் கடை கம்ப்யூட்டரில் தனி சாஃப்ட்வேர் எதுவும் போடாமலே அது வேலை செய்கிறது.

பிஎல்சி-க்குக் கீபோர்டு என்றால் என்னவென்றே தெரியாது. 'அதுலயும் யுஎஸ்பி துளை இருக்கே' என்று கேட்கலாம். அது பெரும்பாலும் லேப்டாப்பிலிருந்து புரோகிராம் ஏற்றுவதற்கான துளை. அதாவது, அந்த இடத்தில் பிஎல்சி-யே ஒரு கருவியாகத்தான் இருக்கிறது. ஸ்கேனரும் கருவி. இரண்டு கருவிகளைச் சேர்த்தால் கேட்பதற்கு முதலாளி யாரும் இல்லை. யுஎஸ்பி-யை சீரியலாக மாற்றும் சாதாரண கன்வெர்ட்டர் கேபிளும் இங்கே உதவாது. ஏன்னா, அது கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளைக்காகச் செய்தது. டிரைவர் போட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

பீப் சத்தத்தின் அர்த்தத்தையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'லேபிளை நான் படித்துவிட்டேன்' என்று ஸ்கேனர் சொல்கிறது, அவ்வளவுதான். 'மெஷின் வாங்கிக்கொண்டது' என்று அது சொல்லவில்லை.

இணைக்க என்னென்ன வழிகள்?

1. சீரியல் கேபிள்: பழைய வழி, ஆனால் இன்றும் நம்பகமானது. ஆர்எஸ்-232 என்ற இந்த முறை 1960-களிலிருந்து இருக்கிறது. ஸ்கேனரை சீரியல் கேபிளோடு வாங்க வேண்டும். பல மாடல்களில் யுஎஸ்பி, சீரியல் இரண்டு கேபிள்களும் மாற்றி மாட்டலாம். பிஎல்சி பக்கம் சீரியல் போர்ட் இல்லையென்றால் கூடுதல் மாட்யூல் போட வேண்டும். சீமென்ஸ் எஸ்7-1200 வகைக்கு சிஎம் 1241, மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யு வகைக்கு 232-பிடி போர்டு போன்றவை இதற்கென்றே வருகின்றன. ஒரு மெஷின், ஒரு ஸ்கேனர் என்றால் இதுவே பெரும்பாலும் சிக்கனமான வழி.

2. எச்எம்ஐ திரை வழியாக: மெஷினில் டச் ஸ்கிரீன் இருந்து, அதில் கீபோர்டு மாட்டக்கூடிய யுஎஸ்பி துளையும் இருந்தால், யுஎஸ்பி ஸ்கேனரை அதில் மாட்டலாம். திரை வாங்கி பிஎல்சி-க்கு அனுப்பும். செலவு குறைவு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கர்சர் சரியான கட்டத்தில் நின்றால்தான் எண் அங்கே பதியும். ஆபரேட்டர் வேறு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் ஸ்கேன் காற்றில் போய்விடும், இல்லையென்றால் டெம்பரேச்சர் கட்டத்தில் போய் உட்கார முயலும். திரை எந்தப் பக்கத்தில் இருந்தாலும் ஸ்கேன் தகவல் தனி இடத்துக்குப் போகும் வசதி உங்கள் எச்எம்ஐ-யில் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

3. ஈதர்நெட் வழியாக: காக்னெக்ஸ், ஜீப்ரா போன்ற நிறுவனங்கள் புரோஃபினெட், ஈதர்நெட்/ஐபி போன்ற தொழிற்சாலை மொழிகளை நேரடியாகப் பேசும் கையடக்க ஸ்கேனர்களை விற்கின்றன. பிஎல்சி-க்கு ஸ்கேனரும் இன்னொரு சென்சார் மாதிரி ஆகிவிடும். தொடர்பு அறுந்தால் பிஎல்சி-க்கு உடனே தெரியும் என்பதுதான் இதன் பெரிய லாபம். விலை அதிகம். பல மெஷின்கள், பல ஸ்கேனர்கள் உள்ள லைனுக்கு இது பொருந்தும்.

4. நடுவில் ஒரு பெட்டி: யுஎஸ்பி அல்லது சீரியல் ஸ்கேனரை ஒரு சிறிய கேட்வே பெட்டியிலோ தொழிற்சாலை கம்ப்யூட்டரிலோ மாட்டி, அங்கிருந்து மாட்பஸ் டிசிபி போன்ற முறையில் பிஎல்சி-க்கு அனுப்பலாம். 1979-ல் வந்த மாட்பஸ் இன்றும் பெரும்பாலான பிராண்டுகளுக்குப் புரிகிற பொது மொழி. பழைய மெஷினை மாற்றாமல் ஸ்கேனரைச் சேர்க்க இது கைகொடுக்கும். ஆனால் அந்தப் பெட்டி நின்றால் எல்லாம் நிற்கும். கம்ப்யூட்டர் என்றால் அப்டேட், ரீஸ்டார்ட் தொல்லையும் சேர்ந்தே வரும்.

புளூடூத் ஸ்கேனர் இதில் எந்த வகை? தனி வகை இல்லை. அதன் தொட்டில், அதாவது கிரேடில், மேலே சொன்ன நான்கில் ஏதோ ஒரு வழியில்தான் இணைகிறது. வயர் இல்லாதது வசதிதான். ஆனால் பக்கத்து மெஷின் ஸ்கேனரோடு இடம் மாறிவிட்டால், இந்தப் பிரஸ்ஸில் நின்று ஸ்கேன் செய்தது அந்தப் பிரஸ்ஸுக்குப் போகும். எந்த ஸ்கேனர் எந்த மெஷினுக்கு என்று பெரிதாக எழுதி ஒட்டுவது அவசியம்.

வயர் மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

சீரியல் இணைப்பில் முக்கியமானவை மூன்றே வயர்கள்: அனுப்புவது, வாங்குவது, பொது கிரவுண்ட். ஒருவரின் வாய் இன்னொருவரின் காதுக்குப் போக வேண்டும். ஸ்கேனரின் அனுப்பும் வயர் பிஎல்சி-யின் வாங்கும் முனைக்குப் போகாமல் அனுப்பும் முனைக்கே போனால் எதுவும் வராது. 'எல்லாம் சரியா இருக்கு, ஆனா டேட்டா வரல' என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்தது செட்டிங். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். 9600 பாட் ரேட், 8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்பது வழக்கமான தொடக்கம். வேகம் பொருந்தாவிட்டால் எண்ணுக்குப் பதிலாகக் கண்டபடி குறிகள் வந்து விழும். எதுவுமே வராமல் இருப்பது பெரும்பாலும் வயர் கோளாறு, குப்பையாக வருவது பெரும்பாலும் செட்டிங் கோளாறு. இந்த ஒரு விதி பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

'9600 ரொம்ப மெதுவாச்சே' என்று கவலை வேண்டாம். இந்த வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 பிட், அதாவது விநாடிக்கு 960 எழுத்துகள். 13 இலக்க பார்கோடும் முடிவுக் குறியும் சேர்ந்து சுமார் 15 மில்லி விநாடியில் போய்விடும். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். ஸ்கேனர்கள் பலவும் 5 வோல்ட்டில் ஓடுபவை. பேனலில் இருப்பதோ 24 வோல்ட் டிசி. நேராகக் கொடுத்தால் ஸ்கேனர் அதோடு முடிந்தது. யுஎஸ்பி கேபிளிலிருந்து கரன்ட் கிடைக்கும், ஆனால் சீரியல் கேபிளில் பெரும்பாலும் கிடைக்காது. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

தூரத்துக்கும் வரம்பு உண்டு. யுஎஸ்பி கேபிளுக்கு 5 மீட்டர், ஆர்எஸ்-232 கேபிளுக்கு சுமார் 15 மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. மோட்டார் டிரைவ் கேபிள் போகும் அதே பாதையில் ஸ்கேனர் கேபிளையும் இழுத்தால், மோட்டார் ஓடும்போது மட்டும் எண்கள் கெட்டுப்போகும். தனிப் பாதையில் கொண்டுபோவது நல்லது.

இன்னொரு விஷயம். ஸ்கேனரின் செட்டிங்கை மாற்றுவதே அதன் கையேட்டில் உள்ள சிறப்பு பார்கோடுகளை ஸ்கேன் செய்துதான். அந்தப் புத்தகம் மெஷின் பக்கத்தில் கிடந்து, யாராவது விளையாட்டாக 'ஃபேக்டரி ரீசெட்' பார்கோடை ஸ்கேன் செய்தால், செய்த வேலை எல்லாம் போச்சு. செட்டிங் முடிந்ததும், செட்டிங் பார்கோடுகளை ஏற்கும் வசதியையே அணைத்துவைக்க பல மாடல்களில் வழி இருக்கிறது. தேவையான செட்டிங் பார்கோடுகளை மட்டும் ஒரே தாளில் அச்சிட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஸ்கேனர் கெட்டுப் புதியது வாங்கும்போது அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

பிஎல்சி-க்குள் என்ன நடக்க வேண்டும்?

வயர் வேலை முடிந்தது, தகவல் உள்ளே வந்துவிட்டது. இனி புரோகிராம் எழுதுபவரின் பொறுப்பு.

எப்போது படித்து முடிப்பது? பிஎல்சி தன் புரோகிராமைச் சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. இதற்கும் 'ஸ்கேன்' என்றுதான் பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு பார்கோடு வந்து சேர்வதற்குள் அது பல சுற்று ஓடிவிடும். பாதி எண் வந்த நிலையில் ஒப்பிட்டால் தப்பான விடைதான் கிடைக்கும். அதனால் ஸ்கேனர் கடைசியில் ஒரு முடிவுக் குறி அனுப்பும்படி செட் செய்ய வேண்டும். பொதுவாக ஆஸ்கி 13, அதாவது கேரேஜ் ரிட்டர்ன். அந்தக் குறி வந்த பிறகே 'முழுசா வந்துடுச்சு' என்று பிஎல்சி எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணா, எழுத்தா? 13 இலக்க பார்கோடை எண்ணாக மாற்றிச் சேமிக்கக் கூடாது. 32 பிட் முழு எண்ணில் பிடிக்கும் அதிகபட்சம் 429 கோடி சொச்சம், அதாவது 10 இலக்கம்தான். மேலும், எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். பார்கோடை எப்போதும் எழுத்துச் சரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

வரிசை மாறுகிறதா? மாட்பஸ் ரெஜிஸ்டர் ஒன்றில் இரண்டு எழுத்துகள் உட்காரும். எது முன்னால், எது பின்னால் என்பதில் பிராண்டுக்குப் பிராண்டு வேறுபாடு உண்டு. 8901 அனுப்பினால் 9810 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஜோடி ஜோடியாக இடம் மாறியிருக்கிறது. மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

எண் உண்மையானதா? கடைப் பொருட்களில் உள்ள 13 இலக்க பார்கோடில் கடைசி இலக்கம் சோதனை இலக்கம். விளக்கத்துக்காக வரிசையாக அடுக்கிய ஓர் எண்ணை எடுப்போம்: 8901234567890. முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை 8, 0, 2, 4, 6, 8. கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் இருப்பவை 9, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 34, அதை 3-ஆல் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு தேவை? ஏற்கெனவே 130 பத்தின் மடங்குதான். ஆக, கடைசி இலக்கம் 0. சரி. நடுவில் 7 என்பது 1 ஆக மாறி வந்திருந்தால் கூட்டுத்தொகை 112 ஆகும், கடைசி இலக்கம் 8 ஆக இருந்திருக்க வேண்டும். பொருந்தாததால் பிஎல்சி நிராகரித்துவிடலாம்.

'ஸ்கேனரே இதைச் சரிபார்த்துத்தானே பீப் அடிக்குது?' என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் ஸ்கேனருக்கும் பிஎல்சி-க்கும் நடுவில் உள்ள கேபிளில் ஒரு எழுத்து கெட்டால் ஸ்கேனருக்குத் தெரியாது. அதனால் கடைசியில் வாங்குபவரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆலைக்குள்ளேயே லேபிள் அச்சிடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. பெரும்பாலும் கோடு 128 என்ற வகையைப் பயன்படுத்துவார்கள், அதில் எழுத்தும் எண்ணும் வரும். அதன் சோதனைக் குறியை ஸ்கேனர் தன்னோடு வைத்துக்கொள்ளும், பிஎல்சி-க்கு அனுப்பாது. அதனால் உங்கள் கோடுக்கு ஒரு நிலையான நீளமும், முன்னால் ஒரு அடையாள எழுத்தும் வையுங்கள். காம்பவுண்டுக்கு ஓர் எழுத்து, மோல்டுக்கு வேறு எழுத்து, பணியாளர் அட்டைக்கு இன்னொன்று. அப்போது ஆபரேட்டரின் ஐடி கார்டு ஸ்கேன் ஆகிவிட்டாலும் அதை ரப்பர் என்று மெஷின் நம்பாது.

சரியான கோடுக்கு ஓடுவது பெரிதல்ல

வேலையை முடித்துக்கொடுக்க வரும் டெக்னீஷியன் என்ன செய்து காட்டுவார்? சரியான லேபிளை ஸ்கேன் செய்வார். பச்சை விளக்கு எரியும், மெஷின் ஓடும். எல்லோரும் கைதட்டிவிடுவோம். ஆனால் இந்த அமைப்பை வாங்கியது சரியான பொருளுக்காக இல்லை. தவறான பொருள் வரும் அந்த ஒரு தடவைக்காக. சரியான கோடுக்கு மெஷின் ஓடியதும் வேலை முடிந்துவிடவில்லை. தவறான கோடுக்கு அது நிற்கிறது என்று பார்த்த பிறகே இணைப்பு முடிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள்:

1. வேறு பொருளின் லேபிளை ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யக் கூடாது.

2. சரியான லேபிளை ஸ்கேன் செய்து ஒரு சுற்று ஓட்டுங்கள். அடுத்த சுற்றுக்கு ஸ்கேன் செய்யாமலே ஸ்டார்ட் அழுத்துங்கள். ஓடினால், பழைய கோடு மெமரியில் அப்படியே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். சுற்று முடிந்ததும் அதை அழிக்க வேண்டும்.

3. சரியான லேபிளை ஸ்கேன் செய்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். கரன்ட் வந்ததும் பழைய அனுமதி உயிரோடு இருக்கக் கூடாது.

4. ஸ்கேனர் கேபிளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் அழுத்துங்கள். 'ஸ்கேன் இல்லை, ஓட மாட்டேன்' என்று மெஷின் சொல்ல வேண்டும். 'ஸ்கேனர் இல்லையா, பரவாயில்லை' என்று ஓடக் கூடாது.

5. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு லேபிளை ஸ்கேன் செய்யுங்கள். ஓடும் செட்டிங் நடுவில் மாறக் கூடாது.

6. தண்ணீர் பாட்டிலின் பார்கோடு, போனில் உள்ள நீளமான க்யூஆர் கோடு போன்ற சம்பந்தமில்லாதவற்றை ஸ்கேன் செய்யுங்கள். நிராகரிக்க வேண்டும், பிஎல்சி திணறிப் பிழை நிலைக்குப் போகக் கூடாது.

7. ஒரே மூட்டையின் லேபிளை இரண்டு முறை ஸ்கேன் செய்யுங்கள். மூட்டைக்கு ஒரு தனி எண் இருந்தால், இரண்டாவது முறை 'இது ஏற்கெனவே போட்டாச்சு' என்று தெரிய வேண்டும்.

பதிலைக் காட்டும் விதமும் முக்கியம். ஸ்கேனரின் பீப் சத்தத்தை மட்டும் நம்பி ஆபரேட்டரை வேலை செய்ய விடக் கூடாது. பிஎல்சி சரிபார்த்த பிறகு எரியும் பச்சை அல்லது சிவப்பு விளக்கு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். பீப் ஸ்கேனரின் பதில், விளக்கு மெஷினின் பதில். பிஎல்சி ஒப்புக்கொண்ட பிறகே பீப் அடிக்கும்படி செட் செய்யவும் சில மாடல்களில் வழி இருக்கிறது.

ஸ்கேனரால் முடியாதவை

ஸ்கேனர் படிப்பது லேபிளை, பொருளை அல்ல. நைட்ரைல் மூட்டையில் ஈபிடிஎம் லேபிளை ஒட்டிவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கேனரும் தவறான தகவலைத்தான் துல்லியமாகப் படிக்கும். லேபிள் ஒட்டும் இடத்தில் இரண்டாவது கண் அவசியம். காம்பவுண்டை எடை போடும் இடத்திலேயே லேபிள் அச்சாகி, அங்கேயே ஒட்டப்படுவது நல்ல வழக்கம்.

அடுத்தது, பாதுகாப்பு வேறு, அடையாளம் வேறு. எமர்ஜென்சி ஸ்டாப், கார்டு கதவு, இரண்டு கை பட்டன் இவையெல்லாம் தனி ஏற்பாடு. ஸ்கேன் 'சரி' என்று வந்தது என்பதற்காக பிரஸ் தானாக மூடக் கூடாது. ஸ்கேன் கொடுப்பது அனுமதி மட்டுமே. ஓட்டும் உத்தரவு மனிதனின் பட்டனிலிருந்துதான் வர வேண்டும்.

கடைசியாக, பைபாஸ். லேபிள் கிழிந்துவிடும், ஸ்கேனர் கீழே விழுந்து உடையும், டெலிவரி அவசரம் என்று போன் வரும். அப்போது ஸ்கேன் இல்லாமல் ஓட்ட ஒரு வழி கேட்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது சூப்பர்வைசர் சாவியிலோ பாஸ்வேர்டிலோ இருக்கட்டும். எப்போது, எவ்வளவு நேரம் பைபாஸில் ஓடியது என்று பிஎல்சி பதிந்து வைக்கட்டும். சாவி எப்போதும் துளையிலேயே தொங்கினால், ஸ்கேனர் வெறும் அலங்காரம்.

ஆபரேட்டருக்கு இதில் என்ன லாபம்?

கலப்பு நடந்தால் ஆலைகளில் முதலில் எழும் கேள்வி, 'அந்த ஷிப்ட்ல யாரு?' என்பதுதான். கறுப்பு மூட்டைகளுக்கு நடுவில் கறுப்பு மூட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, தவறினால் அவரைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்? ஒழுங்காக இணைத்த ஸ்கேனர் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கிறது. எந்த மூட்டை, எத்தனை மணிக்கு, எந்தப் பிரஸ்ஸில் போனது என்று பதிவும் கிடைக்கிறது. நாளை வாடிக்கையாளர் ஒரு புகாரோடு வந்தால், மொத்த லாட்டையும் திரும்பப் பெறாமல் சம்பந்தப்பட்ட மூட்டையிலிருந்து வந்தவற்றை மட்டும் தேடி எடுக்கலாம்.

ஆனால் அரைகுறையாக இணைத்தால் நிலைமை முன்பைவிட மோசம். 'அதான் மெஷின் பாத்துக்குமே' என்று எல்லோரும் கண்ணை எடுத்துவிடுவார்கள், மெஷினும் பார்த்திருக்காது. அதனால் ஸ்கேனர் வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது விலையை மட்டுமல்ல: 'என் பிஎல்சி-யில் எந்த போர்ட் இருக்கிறது, அதோடு இது எப்படிப் பேசும்?' வேலை முடிந்ததும் டெக்னீஷியனிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: 'தப்பான லேபிளை ஸ்கேன் பண்ணிக் காட்டுங்க, நிக்குதான்னு பார்ப்போம்.'